சிறிய பட்ஜெட்டில் நல்ல ஏர் பிஸ்டல்: காஞ்சிபுரத்திலிருந்து ரேஞ்சுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் சுடுபவர் நின்றபடி, ஒரே கையால் துப்பாக்கியைப் பிடித்து, 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும் இலக்கைச் சுட வேண்டும். மின்னணு இலக்கு இருக்கும் ரேஞ்சுகளில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம். பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டி ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் அகலம். 1988 சியோல் ஒலிம்பிக்கிலிருந்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் இது பதக்கப் போட்டி. பெண்களுக்கு 40 குண்டுகளாக இருந்ததை 2018-இல் 60 ஆக்கினார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இந்தப் பிரிவில் வெண்கலம் வென்றார். சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணியில் இன்னொரு வெண்கலமும் வாங்கினார். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே நடிகர் அஜித்குமார் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொண்டது பலரை ரேஞ்ச் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்திருந்தது. இன்று காஞ்சிபுரம் போன்ற ஊர்களிலும் பிள்ளைகள் இந்த விளையாட்டைக் கேட்கிறார்கள். பெற்றோருக்கு உடனே எழும் கேள்வி, துப்பாக்கி என்ன விலை என்பதுதான். தறி நெய்தோ சிறு கடை வைத்தோ குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது சின்னக் கேள்வி இல்லை. வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கி ஒன்றின் விலையில் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையே கட்டிவிடலாம். ஆனால் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தெரிந்தால் குறைந்த பணத்திலேயே மாநிலப் போட்டி வரை தாங்கும் துப்பாக்கியை வாங்க முடியும்.

முதலில் சட்டம்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இந்தியாவில் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்துகின்றன. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டல் இந்த வரம்புக்கு வெகு கீழேயே நிற்கிறது. அதன் ஈயக் குண்டு, அதாவது பெல்லட், சுமார் அரை கிராம் எடை. குழலை விட்டு வெளியேறும்போது வேகம் நொடிக்குச் சுமார் 150 மீட்டர். கணக்குப் போட்டால் ஆற்றல் ஆறு ஜூலைக்கூட எட்டாது.

உரிமம் வேண்டாம் என்பதால் கேட்பாரில்லை என்று ஆகிவிடாது. கடையில் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் வாங்கிப் பதிவு செய்துகொள்வார்கள். ரசீதில் துப்பாக்கியின் வரிசை எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பயணத்தின்போது அந்த ரசீதின் நகலும் கிளப் உறுப்பினர் அட்டையும் பெட்டியிலேயே இருப்பது நல்லது. ஏர் பிஸ்டல் பார்வைக்கு நிஜத் துப்பாக்கி போலத்தான் இருக்கும். பேருந்து நிலையத்திலோ ரயிலிலோ பெட்டியைத் திறந்து யாருக்கும் காட்டக் கூடாது.

வெடிமருந்தால் இயங்கும் கைத்துப்பாக்கி முற்றிலும் வேறு கதை. அதற்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை முடிந்து உரிமம் வர வேண்டும். பொதுமக்களுக்கான வெளிநாட்டு இறக்குமதி 1980-களின் நடுப்பகுதியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் அங்கே தேர்ந்தெடுக்கக் கிடைப்பவை உள்நாட்டில் செய்தவையும், பழைய உரிமதாரர்களிடமிருந்து கைமாறுபவையும்தான். விளையாட்டுக்கு வருகிற புதியவருக்கு அந்த வழி தேவையே இல்லை. அந்த வகைத் துப்பாக்கியால் சுடும் 25 மீட்டர் பிரிவுகளுக்குப் போக நினைப்பவர்களும் ஏர் பிஸ்டலில்தான் தொடங்குகிறார்கள்.

வாங்குவதற்கு முன் கிளப்

பணத்தை மிச்சம் பிடிக்கும் முதல் வழி, உடனே வாங்காமல் இருப்பது. ரைஃபிள் கிளப்புகளிலும் பயிற்சி மையங்களிலும் புதியவர்களுக்கென்று பொதுத் துப்பாக்கிகள் வைத்திருப்பார்கள். மாதக் கட்டணமும் பெல்லட் செலவும் கொடுத்து அவற்றில் சுடலாம். காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சென்னை சுமார் 75 கிலோமீட்டர். வேளச்சேரி குருநானக் கல்லூரி ரேஞ்சும் சென்னை ரைஃபிள் கிளப்பும் அங்கே இருக்கின்றன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஒத்திவாக்கத்தில் தமிழ்நாடு காவல்துறையின் சுடும் தளம் இருக்கிறது. செங்கல்பட்டு வழியாகச் சென்னை போகும் மின்ரயிலில் வார இறுதியில் போய்வருவது பழகிவிடும்.

சில மாதங்கள் கிளப் துப்பாக்கியில் சுட்டால் மூன்று விஷயங்கள் தெரிந்துவிடும். முதலாவது, இந்த விளையாட்டில் மனம் நிற்கிறதா என்பது. ஒரே அசைவை ஒரு நாளைக்கு நூறு முறை செய்யும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இரண்டாவது, கையின் அளவுக்கு எந்தக் கைப்பிடி பொருந்துகிறது என்பது. மூன்றாவது, கூடச் சுடுகிறவர்கள் எந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், எதை யார் பழுது பார்க்கிறார்கள் என்பது. இந்த மூன்றும் தெரியாமல் இணையத்தில் விலையை மட்டும் பார்த்து வாங்கியவை பல வீடுகளில் பெட்டியோடு பரண் ஏறியிருக்கின்றன.

காற்று எங்கிருந்து வருகிறது

ஏர் பிஸ்டல்களைக் குண்டைத் தள்ளும் விசையை வைத்து நான்கு வகையாகப் பிரிக்கலாம். விலையும் தரமும் பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகின்றன.

ஸ்பிரிங் வகையில், டிரிகரை அழுத்தியதும் கனமான பிஸ்டன் ஒன்று முன்னால் பாய்ந்து காற்றை அமுக்குகிறது. இந்தியாவில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டனின் ஓட்டமும் மோதலும் கையை உலுக்கிவிடும். பிடி கொஞ்சம் மாறினாலும் குண்டு வேறு இடத்தில் விழும். டிரிகரும் கனமாக இருக்கும். டப்பாவைச் சுட்டு விளையாட அது போதும். போட்டிக்கு உதவாது. இதில் பழகினால் டிரிகரை வெடுக்கென்று இழுக்கும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும், அதைப் போக்கக் கோச்சுக்கு மாதக்கணக்கில் ஆகும். குறைந்த விலை என்று இதை வாங்குவதைவிட அதே பணத்தைக் கிளப் கட்டணமாகக் கட்டுவது மேல்.

ஒற்றை அழுத்து வகையில், ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் நீண்ட நெம்புகோல் ஒன்றைத் திறந்து மூட வேண்டும். அந்த ஒரு தடவையில் அடைபட்ட காற்று அடுத்த குண்டைத் தள்ளும். சிலிண்டர் இல்லை, பம்ப் இல்லை, அதிர்வும் மிகக் குறைவு. ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்த பைக்கால் ஐ.இசட்.எச். 46எம் இந்த வகையில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. பட்ஜெட் குறைந்த எத்தனையோ பேரின் முதல் போட்டித் துப்பாக்கி அதுதான். ஒரே குறை உழைப்பு. 60 குண்டுகளுக்கும், அதற்கு முன் சரிபார்க்கச் சுடும் குண்டுகளுக்கும் நெம்புகோலை இழுத்துத் தள்ள வேண்டும். பெரியவர்களுக்குப் பாதிப் போட்டியில் தோள் சோர்ந்துவிடும், சிறு பிள்ளைகளுக்கு இன்னும் சிரமம். நல்ல நிலையில் பழையது ஒன்று கிடைத்தால் பெரியவர்கள் யோசிக்கலாம்.

கரியமில வாயு வகை ஒரு காலத்தில் போட்டிகளை ஆண்டது. இப்போதும் பழைய துப்பாக்கிகள் மலிவாக விற்பனைக்கு வரும். காஞ்சிபுரத்தின் வெயிலுக்கு இதைத் தவிர்க்க வேண்டும், காரணம் இயற்பியல். கரியமில வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறும். 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் 70 பாருக்கு மேல். 31 டிகிரியைத் தாண்டினால் சிலிண்டருக்குள் திரவம் என்ற நிலையே இருக்காது, அழுத்தம் இன்னும் வேகமாக ஏறும். கத்திரி வெயிலில் 40 டிகிரி தொடும் ஊரில், விசிறி மட்டும் ஓடும் ரேஞ்சில், காலையில் ஓரிடத்தில் விழுந்த குண்டு மதியம் வேறிடத்தில் விழும்.

நான்காவது, முன்கூட்டி அடைத்த காற்று வகை. துப்பாக்கியின் குழலுக்குக் கீழே திருகி மாட்டும் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சாதாரணக் காற்று இருக்கும். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றை அளந்து விடும். ஒரு முறை நிரப்பினால் ஒரு போட்டியும் பயிற்சியும் தாராளமாக முடியும். இன்று சர்வதேசப் போட்டிகளில் பயன்படுவது இதுதான். ஆஸ்திரியாவின் ஸ்டெயர், சுவிட்சர்லாந்தின் மோரினி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பார்டினி ஆகியவை இதில் முன்னணிப் பெயர்கள். சிறிய பட்ஜெட்காரர்களும் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் இதுதான். புதிதாக வாங்குவதா, பழையதா என்பது மட்டுமே கேள்வி.

பணம் எதற்குப் போக வேண்டும்

இந்த விளையாட்டின் கணக்கு ஒன்றைப் புரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்லும் பாதிப் பேச்சு தேவைப்படாது. குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 320 மில்லிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் தன் இடத்திலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் குண்டு 31 மில்லிமீட்டர் விலகும். பத்தாக இருக்க வேண்டிய குண்டு ஏழாகிவிடும். அரை மில்லிமீட்டர் விலகினால் ஒன்பது. அதே துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கிச் சுட்டால் ஐந்து குண்டுகளும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையில் விழும். தொழிற்சாலையிலிருந்து வரும் சோதனை அட்டையில் அதைப் பார்க்கலாம். பத்து வருடம் பழைய நல்ல துப்பாக்கியும் இந்த ஆண்டு வந்ததும் இந்தச் சோதனையில் ஏறக்குறைய சமம். புள்ளிகளைப் பறிப்பது கையின் அசைவும் டிரிகர் இழுப்பும். எனவே கையோடும் விரலோடும் சம்பந்தப்பட்ட பாகங்களுக்குத்தான் பணம் போக வேண்டும்.

அவற்றில் முதலிடம் கைப்பிடிக்கு. மரத்தால் ஆன கைப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்ற அளவுகளில், வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியாக வரும். உள்ளங்கையின் அடியைத் தாங்கும் தட்டு ஏறி இறங்கும். பொருத்தம் பார்ப்பது எளிது. இலக்கைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, துப்பாக்கியை இயல்பாக உயர்த்தி, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் தானாக வந்து உட்கார்ந்திருந்தால் பிடி பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் மணிக்கட்டை வலிந்து திருப்பித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். நாற்பதாவது குண்டில் அந்த மணிக்கட்டு களைத்துவிடும். சிறு குறைகளை மரப் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம். விதிகளில் அதற்கு இடம் உண்டு, ஆனால் பிடி கையைச் சுற்றி வளைத்துக்கொள்ளக் கூடாது. அளவே தவறாக இருந்தால் பட்டி உதவாது. வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் பிடி மாற்ற வேண்டிவரும். அந்த மாடலுக்கு மாற்றுப் பிடி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது டிரிகர். விதிப்படி அதன் இழுப்பு 500 கிராமுக்குக் குறையக் கூடாது. போட்டி நாளில் துப்பாக்கியின் குழலைச் செங்குத்தாக மேல்நோக்கி நிறுத்தி, டிரிகரில் 500 கிராம் எடையை மாட்டி, மேசையிலிருந்து மெல்லத் தூக்குவார்கள். எடை மேசையை விட்டு எழும்பிய பிறகும் டிரிகர் விழாமல் தாங்க வேண்டும். விழுந்தால் துப்பாக்கி உள்ளே போகாது. நல்ல டிரிகருக்கு இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் மெதுவாக இழுபட்டு ஓரிடத்தில் நிற்கும். அங்கிருந்து இன்னும் சிறிது அழுத்தினால் தடங்கல் இல்லாமல், விரலே எதிர்பார்க்காத நொடியில் விடுபடும். நூறு முறை இழுத்தாலும் அந்த இடம் மாறக் கூடாது. மணல் அரைபடுவது போன்ற உராய்வு விரலுக்குத் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

மின்னணு டிரிகர், இயந்திர டிரிகர் என்று இரண்டு உண்டு. மின்னணு டிரிகர் மிகத் துல்லியமாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடும். ஆனால் மின்கலமும் சர்க்கியூட்டும் கூடவே வருகின்றன. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாகிச் சரிசெய்து திரும்ப நெடுநேரம் ஆனது. இரண்டு புள்ளிகளில் இறுதிச் சுற்று கைநழுவியது. ஒரு நாட்டு அணியோடு மாற்றுத் துப்பாக்கியும் தொழில்நுட்ப ஆளும் போகும். சொந்தச் செலவில் போகிறவருக்கு இரண்டும் இருக்காது. முதல் துப்பாக்கிக்கு இயந்திர டிரிகரே போதும். பழுதானால் பார்ப்பதும் எளிது.

ஒரு துப்பாக்கி 1,500 கிராமுக்கு மிகக் கூடாது என்பது விதி. பெரும்பாலானவை ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு அதுவே பாரம். எடை குறைந்த சின்ன சிலிண்டர் மாட்டும் மாடல்கள் உண்டு, அவர்களுக்கு அதுதான் நல்லது. அதிர்வு தாங்கி, வண்ணப் பூச்சு, விதவிதமான எடைக் கம்பிகள் ஆகியவற்றுக்காகத் தொடக்கத்தில் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

விலைப் படிகள்

முன்னணி நிறுவனங்களின் உயர்நிலை மாடல்கள் இந்தியாவில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல்தான் தொடங்குகின்றன, இரண்டு லட்சத்தைத் தாண்டுபவையும் உண்டு. சுங்க வரியும் கப்பல் செலவும் இறக்குமதியாளரின் லாபமும் அதில் அடக்கம். தேசியப் போட்டியில் குறிப்பிட்ட தகுதிப் புள்ளி எடுத்து, தேசிய ரைஃபிள் சங்கத்தின் ‘ரினவுண்டு ஷாட்’ என்ற தகுதியைப் பெற்றவர்களுக்கு வரிச் சலுகையோடு இறக்குமதி செய்ய வழி இருக்கிறது. 1951-இல் தொடங்கிய அந்தச் சங்கம்தான் நாட்டில் இந்த விளையாட்டை நடத்துகிறது. அந்தத் தகுதியை எட்டும்வரை விலை உயர்ந்த புதிய துப்பாக்கியைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம். அன்றைக்கு வரிச் சலுகையோடு வாங்கலாம்.

அதற்கு ஒரு படி கீழே, அதே நிறுவனங்களும் ஹேமர்லி போன்ற பெயர்களும் தொடக்கநிலை மாடல்களை விற்கின்றன. குழலும் ரெகுலேட்டரும் நல்ல தரத்திலேயே இருக்கும். கைப்பிடியின் நயத்திலும் டிரிகரைத் திருத்தும் வசதிகளிலும்தான் சிக்கனம் பிடித்திருப்பார்கள். புதிதாகத்தான் வாங்குவது என்று இருப்பவர்களுக்கும், உத்தரவாதம் வேண்டும் என்பவர்களுக்கும் இது பொருந்தும்.

குறைந்த பணத்தில் அதிகத் தரம் கிடைப்பது மூன்றாவது படியில். அதுதான் நல்ல நிலையில் இருக்கும் பழைய உயர்நிலைத் துப்பாக்கி. வரிச் சலுகை பெற்றுப் புதியது வாங்குகிறவர்களும், படிப்புக்காகவோ வேலைக்காகவோ விளையாட்டை விடுகிறவர்களும் தங்கள் பழையதை விற்கிறார்கள். ஸ்டெயர் எல்.பி.10, மோரினி சி.எம்.162 போன்றவை பல ஆயிரம் குண்டுகள் சுட்ட பிறகும் துல்லியம் குறையாதவை. குழல் தேய்வது அபூர்வம். ஈயம் மென்மையானது, அங்கே வெடிமருந்தின் சூடும் இல்லை. காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை மாற்றினால் பெரும்பாலும் புதியது போலவே ஆகிவிடும்.

பழையதை எப்படிப் பார்த்து வாங்குவது

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை தெரிந்தவர்கள் கடை விளக்கொளியில் மின்னும் உடலைப் பார்த்து மயங்குவதில்லை. புடவையைப் பிரித்து, உடலும் கரையும் சேரும் கோர்வையைத் திருப்பிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். துப்பாக்கிக்கும் அந்தக் கண் வேண்டும். பளபளப்பை விட்டு, பாகங்கள் சேரும் இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் சிலிண்டர். அதன் உடம்பில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பெரும்பாலான ஐரோப்பிய நிறுவனங்கள் அந்தத் தேதியிலிருந்து பத்து ஆண்டுகளையே ஆயுளாகச் சொல்கின்றன. அதைத் தாண்டிய சிலிண்டரைப் போட்டிகளில் பயன்படுத்தக் கூடாது. 200 பார் அழுத்தத்தைக் கையில் பிடித்து முகத்துக்கு முன்னால் நீட்டுகிற விளையாட்டு இது, இதில் கஞ்சத்தனம் கூடாது. காலாவதியான சிலிண்டரோடு வரும் துப்பாக்கிக்கு, புதிய சிலிண்டரின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். சில விற்பனையாளர்கள் இரண்டு சிலிண்டர் தருகிறேன் என்பார்கள். இரண்டும் காலாவதியானால் அது சலுகையே இல்லை.

இரண்டாவது, கசிவு. முந்தின நாள் மாலை நிரப்பி மாட்டிவைக்கச் சொல்லி, மறுநாள் காலையில் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். முள் கண்ணுக்குத் தெரிய இறங்கியிருந்தால் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. சர்வீஸ் செலவை விலையில் குறைக்கலாம்.

மூன்றாவது, வேகம். கிளப்பில் வேகமானி இருந்தால் பத்து குண்டுகள் சுட்டுப் பார்க்க வேண்டும். வேகம் எவ்வளவு என்பதைவிட, குண்டுக்குக் குண்டு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முக்கியம். நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசம் சாதாரணம். பத்துப் பதினைந்து மீட்டர் ஏறி இறங்கினால் ரெகுலேட்டர் கோளாறு. நான்காவது, மணல் மூட்டை மேல் தாங்கிவைத்து ஐந்து குண்டுகள் சுட்டுப் பார்ப்பது. ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும்.

கடைசியாக, காகிதம். முதல் ரசீது, வரிசை எண், விற்பவரின் கையெழுத்திட்ட கடிதம், அடையாள அட்டை நகல் ஆகிய நான்கும் கைக்கு வந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். ரசீது தொலைந்துவிட்டது என்று சொல்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. பார்க்கப் போகும்போது கோச்சையோ அனுபவமுள்ள ஒருவரையோ கூட்டிப் போவது நல்லது.

வாங்கிய பிறகு தொடரும் செலவு

துப்பாக்கியின் விலை ஒரு முறை கொடுப்பது. பெல்லட் ஆண்டு முழுக்க வாங்க வேண்டும். வாரம் நான்கு நாள், நாளுக்கு 60 குண்டு என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஐந்நூறு குண்டுகள் அடங்கிய போட்டித் தர டப்பா ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் இருபத்து நான்காயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. சில ஆண்டுகளில் இது துப்பாக்கியின் விலையையே எட்டிவிடும். கையில் இருப்பதை எல்லாம் துப்பாக்கியில் போட்டுவிட்டு, பெல்லட் வாங்கப் பணமில்லாமல் மாதக்கணக்கில் சுடாமல் இருப்பதுதான் இந்த விளையாட்டில் அதிகம் நடக்கும் விரயம். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டின் பெல்லட், கட்டணம், பயணம் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில்தான் துப்பாக்கி தேட வேண்டும்.

பெல்லட்டிலும் சிக்கனத்துக்கு இடம் உண்டு. தலை தட்டையாக இருக்கும் வகைதான் அட்டையில் சுத்தமான வட்டமாகத் துளைக்கும். தலையின் விட்டம் 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரும். ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும். இரண்டு மூன்று வகையைத் தாங்கலில் வைத்துச் சுட்டுப் பார்த்து, நெருக்கமாக விழுவதைப் போட்டிக்கு வைத்துக்கொண்டு, மலிவானதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம்.

காற்று நிரப்பக் கிளப்பின் பெரிய சிலிண்டரே போதும். கைப் பம்ப் வாங்குகிறவர்கள் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ளதாகப் பார்க்க வேண்டும். ஈரக்காற்று உள்ளே போனால் ரெகுலேட்டர் துருப்பிடிக்கும். நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிறுத்திய காரில் விடக் கூடாது. 25 டிகிரியில் 200 பார் இருப்பது 60 டிகிரியில் 220-ஐத் தாண்டும்.

வீட்டில் செலவில்லாத பயிற்சி

போட்டித் துப்பாக்கிகளில் குண்டும் காற்றும் இல்லாமல் டிரிகரை மட்டும் இயக்கும் வசதி உண்டு. வாங்கும்போது இது இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனெனில் செலவில்லாத பயிற்சி இதுதான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டு நடையிலும் இதற்கு இடம் போதும். மூன்று மீட்டர் தள்ளி, கண் உயரத்தில், சுவரில் 18 மில்லிமீட்டர் கருப்பு வட்டம் ஒன்றை ஒட்டினால், பத்து மீட்டரில் தெரியும் 59.5 மில்லிமீட்டர் கருவட்டத்தின் அளவிலேயே அது கண்ணுக்குத் தெரியும். துப்பாக்கியை உயர்த்தி, மூச்சை அடக்கி, வட்டத்துக்குக் கீழே சைட்டை நிறுத்தி, டிரிகர் விடுபடும் நொடியில் முன் சைட் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசையாமல் இருக்கும்வரை இதையே செய்ய வேண்டும். தினம் அரை மணி நேரம் இப்படிப் பழகுகிறவர்களுக்கு ரேஞ்சுக்கு வாரம் ஒருமுறை போனாலும் முன்னேற்றம் தெரியும். காஞ்சிபுரத்திலிருந்து போய்வருகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

வீட்டில் குண்டு போட்டுச் சுடுவது வேறு. சுவரில் பட்டுத் திரும்பும் ஈயத் துண்டு கண்ணைப் பறித்துவிடும். வெற்றுப் பயிற்சிக்கு முன் குண்டு இல்லை என்று இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் குழலுக்குள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிற்றைச் செருகிப் பெட்டியில் பூட்ட வேண்டும். ரேஞ்சிலிருந்து வந்ததும் சாப்பாட்டில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஈயம் நஞ்சு.

உதவிகள்

2023-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை வழியாக, திறமை காட்டும் விளையாட்டு வீரர்களுக்கு உபகரணங்களுக்கும் போட்டிப் பயணங்களுக்கும் அரசு நிதியுதவி தருகிறது. விண்ணப்பிக்கக் கையில் சான்றிதழ் வேண்டும். ஆகவே மாநிலப் போட்டியில் ஒரு நல்ல புள்ளி எடுப்பதுதான் முதல் குறி. அதைக் கிளப் துப்பாக்கியிலேயே எடுத்தவர்களும் உண்டு. சில கிளப்புகள் தவணை முறையில் உறுப்பினர்களுக்குப் பழைய துப்பாக்கியைக் கைமாற்றித் தருகின்றன. இரண்டு மூன்று பிள்ளைகளின் குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்வதும் நடக்கிறது. அப்படிச் செய்பவர்கள் கைப்பிடியை மட்டும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சுருக்கமாக, வரிசை இதுதான்: சில மாதம் கிளப் துப்பாக்கியில் பழக்கம். அதற்குள் கையளவும் ஆர்வமும் தெளிவாகும். பிறகு, கையில் இருக்கும் பணத்தில் ஓராண்டுச் செலவை எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு இயந்திர டிரிகரும் சரியான அளவுக் கைப்பிடியும் ஆயுள் தேதி தாண்டாத சிலிண்டரும் கொண்ட பழைய துப்பாக்கி. அது கிடைக்காவிட்டால் புதிய தொடக்கநிலை மாடல். ஸ்பிரிங் பிஸ்டலும் கரியமில வாயு பிஸ்டலும் வேண்டாம். உயர்நிலைப் புதிய துப்பாக்கி, தேசியத் தகுதி வந்து வரிச் சலுகை கிடைக்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.